நாலு நாளில் பெய்த ஒரு மாத மழை

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் ஞானசேகரனுக்கு வானம் பார்த்த உத்தியோகம். சிரிக்காதீர்கள்! லாவோஸ் மலையில் ஓர் அணை. அங்கே பிறக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு தாய்லாந்தையும் மலேசியாவையும் தாண்டிக் கம்பி வழியே சிங்கப்பூருக்கு வருகிறது. எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் இவர். மழை பெய்வது அங்கே, வியர்ப்பது இவருக்கு.

அவர் வழி சுலபமானது. முப்பது வருட மழைக்குச் சராசரி எடுத்து ஒரு கோடு போட்டிருந்தார். மாத மழை அந்தக் கோட்டைத் தொட்டால் முழு மின்சாரம். மூன்று வருடமாக இது தப்பியதே இல்லை. "அண்ணன் சொன்னா மழையே கேக்கும் லா," என்பார் மேலாளர் அன்வர். மனிதருக்கு உள்ளூரப் பெருமை, இல்லாமலா!

இந்த ஆகஸ்டில் முதல் வாரம் முடிவதற்குள்ளேயே மழை கோட்டைத் தொட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு 'இரண்டு மாதத்துக்கு முழு மின்சாரம்' என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பி ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு மின்சாரம் விற்க ஒப்பந்தம் போட, அன்று மூன்று மணிக்கு ஆட்கள் வருவதாக இருந்தது.

தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பியவர், அணையை ஒரு நடை பார்ப்போமே என்று அங்கிருந்த கேமராப் படத்தைத் திரையில் திறந்தார்.

அம்மாடி! மதகுகள் எல்லாம் திறந்து கிடந்தன. செம்மண் நிறத்தில் ஒரு மலையே கரைந்து விழுந்துகொண்டிருந்தது. முழு மரங்கள் வேரோடு புரண்டு போயின. எத்தனை பெரிய சக்தி இது! அவருக்குக் கைகூப்பத் தோன்றியது. இத்தனை நாளும் இதையா ஒரு கோட்டுக்குள் அடக்கி வைத்திருந்தோம்?

அப்போதுதான் உறைத்தது. உடனே அணைக்குப் போன் போட்டார். மழை நின்றுவிட்டது, இரண்டு வாரத்துக்கு வெயில்தானாம். அணையோ சிறியது, தேங்கியிருப்பது பத்து நாளுக்குத்தான் வரும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைய தினம் பெயர் தப்பும். சொன்னால் மூன்று வருடப் பெயரோடு வேலையும் போகலாம். நேராக அன்வரின் அறைக்குள் நுழைந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க தம்பி. என் கணக்கு தப்பு."

"மழைதான் கொட்டியிருக்கே, அண்ணே?"

"ஒரு மாச மழை நாலு நாள்ல கொட்டிருச்சு. டர்பைன் தன் அளவுக்குத்தானே குடிக்கும்? மிச்சமெல்லாம் கரன்ட் ஆகாம ஓடுது. வந்து பாருங்க."

அன்வர் வந்து பார்த்தார். "யா அல்லாஹ்… இவ்வளவும் வீணாவா போகுது? அப்ப செப்டம்பருக்கு எவ்வளவு வரும்?"

நுனி நாக்கில் எப்போதும் ஓர் எண் வைத்திருப்பவர் உதட்டைப் பிதுக்கினார்.

"தெரியல, தம்பி."

"மூணு மணிக்கு வர்றவங்ககிட்ட இதை யாரு சொல்றது?"

"நான்தான். முழுசா வரும்னு சொன்னவன் நான்தானே."