கரண்டிவாயன்

பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்று ஒரு படம் வந்தது. எங்கள் ஒரகடம் ஏரிக்கு அபூர்வமாக வந்திருக்கும் கரண்டிவாயன்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அதே ஏரியில் நான் அதைப் பார்த்தேன். வெள்ளைப் பறவை. கரண்டி போன்ற மூக்கால் சேற்றுத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது. வகுப்பில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர், "பொய் சொல்லாதே" என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, மிஷின் எண்ணெய் வாசம் வீசும் சட்டையோடு என்னை ஏரிக்கு அழைத்துப்போனார். பறவை இல்லை. நேராகப் பள்ளிக்கு வந்தவர் ஆசிரியரிடம், "பொண்ணு சொன்னது நெஜம்தான் சார். நானும் பாத்தேன்" என்றார்.

இன்று அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"மெய்யாலுமே கரண்டி மாதிரிதாம்மா கீது" என்றார்.