பின்னால் ஓடின பூசைகள்

எனக்கு எழுத்து நேராக வராது, அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் இப்போது குழம்புகிறது. வாசிக்கிற நீங்கள் கோபிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர்ப் பெட்டியின் ஒரு பக்கத் தகடு இன்னும் சுவரில் சாத்தினபடிதான் நிற்கிறது. அதைக் கழற்றி வைத்தவர் கொம்பியூட்டர் திருத்துகிற நானா. "சூடு வெளியில போகட்டும் அம்மா, பிறகு நான் வந்து பூட்டுறன்" என்றார். எங்கள் ஊர் பள்ளிமுனையில் எல்லாரும் அவரை நானா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். "உங்களுக்கு என்ர உம்மாவின்ர வயசு. நீங்களும் நானா எண்டால் நான் எவ்வளவு கிழவன்?" என்று சிரிப்பார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

மகன் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய பெட்டி அது. எனக்கு அது தங்கச்சியைப் பார்க்கத்தான். சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் பக்கம் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். பிறகு பாரிசவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போய், இடக்கையும் கண்ணும்தான் மிச்சம். போனில் பார்த்தால் அவள் முகம் புளியங்கொட்டை அளவு, என் கண்ணுக்குப் பிடிபடாது. பெரிய திரையில் என்றால் கையால் கதைப்போம். சின்ன வயதில் கருவாடு காயப்போடும்போது, காற்றில் சத்தம் கேட்காது என்று பழகின கைப்பேச்சு. கையை ஆட்டினால், போயிட்டு வாறன். கையை உயர்த்தி ஆட்டாமல் பிடித்தால், நில், போகாதை.

ஆனால் படம் ஒழுங்காக வராது. முகம் கட்டம் கட்டமாக உடையும், வாய் முந்தி வர கண் பிந்தி வரும். சிரிக்கிறாளோ அழுகிறாளோ தெரியாமல் நான் தலையாட்டுவேன். அவள் கேட்டது வேறு என்னவோ. கோபித்து முகத்தைத் திருப்பிவிடுவாள். மகனிடம் சொல்ல, அவன் நானாவை அனுப்பினான்.

நானா பெட்டிக்குள் தூசி ஊதினார். வேறொரு பழைய பெட்டியிலிருந்து மெமரித் துண்டு கொண்டுவந்து செருகினார். திரையில் வருகிற நிழல், மினுக்கம் எல்லாவற்றையும் நிப்பாட்டினார். அப்படியும் படம் இழுத்தது. பிறகு திரையில் பின்னுக்குக் கிடந்த எதையோ பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அம்மா, உள்ளுக்குள்ள நாலைஞ்சு சுவாமிமார் பூசை வைக்கினம். இந்தக் கிழட்டுப் பெட்டி ஆரைத்தான் பார்க்கும்?"

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நான் அந்தப் பெட்டியில் மாதா கோயில் பூசை பார்க்கிறவள். பாதியில் தங்கச்சி அழைப்பு எடுப்பாள். பூசை நடுவில் எழும்பிப் போகலாமோ? அதனால் மூடாமல், சத்தத்தைக் குறைத்துப் பின்னுக்குத் தள்ளிவிடுவேன். ஒன்று முடிய அடுத்த பூசை தானாகத் தொடங்கிவிடும். எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு பூசையின் நடு.

மவுசை ஒருதரம் அமத்தி எல்லாவற்றையும் மூடியிருக்கலாம். நான் விஷயத்தைச் சொல்ல, நானா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தொழுகையில நிக்கிற ஆளை நானும் இடையில எழுப்ப மாட்டன்" என்று கதிரையில் சாய்ந்தார். கடைசி ஆசீர் வரும் வரைக்கும் இருப்பார். "இப்ப சிலுவை போடுங்கோ, மூடுறன்" என்பார். அப்படி ஒவ்வொன்றாக மூடினார். தேத்தண்ணி ஆறிப்போனது.

பார்க்காத படம் எப்படி அதைக் களைக்க வைக்கும் என்று கேட்டேன். "நீங்கள் பார்க்காட்டியும் அது படத்தைக் கீறி வரைஞ்சுகொண்டுதான் இருக்கும்" என்றார். இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் தங்கச்சியின் கண்ணிமை அடிக்கிறதைக்கூட அன்றைக்குப் பார்த்தேன். தன் கன்னத்தை விரலால் குழித்துக் காட்டினாள். நீ மெலிஞ்சு போனாய் என்கிறாள்.

கன நாளைக்கு அப்படி நன்றாக இருந்தது. பிறகு ஒருநாள், கதைத்து முடிகிற நேரம், இடக்கையை உயர்த்தினாள். கை அப்படியே நின்றது. நானும் கையை உயர்த்திக்கொண்டு இருந்தேன். தொடர்பு அறுந்துவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அவள் செத்துப்போன செய்தி வந்தது.

போகாதை என்று பிடித்தாளோ, போயிட்டு வாறன் என்று ஆட்டின கை படத்தில் நின்றுபோனதோ? அன்றைக்கும் படத்துக்குப் பின்னால் பூசை ஓடினதோ, அதுவும் நினைவில்லை. நானாவிடம்தான் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"அவவுக்குப் பின்னால சுவரில விசிறி இருக்கெல்லோ. அது சுத்தினதோ? விசிறி சுத்த, கை நிண்டதெண்டால் அவ பிடிச்சுக்கொண்டுதான் இருந்தவ. விசிறியும் நிண்டதெண்டால் படம் நிண்டது."

நான் கையைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

போன நோன்புக்கு முந்தி நானாவும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். தகட்டை யாரும் பூட்டவில்லை, நானும் பூட்டச் சொல்லவில்லை. தங்கச்சியின் மருமகள் அன்றைக்குப் போனைச் சாத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவளாம், தான் கையைப் பார்க்கவில்லை என்றாள். செத்தவீட்டு நேரம் விசிறியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் எழுதினதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கோ. பிள்ளை, தங்கச்சியின் மருமகளே, நீ இதை வாசித்தால் ஒருக்கால் யோசித்துச் சொல்லு. அந்த நேரம் அங்கே கரண்ட் இருந்ததோ, அல்லது கரண்ட் போய்ப் படமும் நின்றதோ? விசிறி சுத்தினதோ?