அடுப்புக்கு ஒரு ஷட்டர்

கொல்லைப்புற அடுப்புக்கென்று நான் முதன்முதலில் வாங்கி வந்தது ஒரு கொக்கி வரிசை. நீளமான இரும்புப் பட்டை, அதில் வரிசையாகக் கொக்கிகள். கரண்டி, ஜல்லிக்கரண்டி, இடுக்கி எல்லாவற்றையும் அதில் தொங்கவிடலாம். செங்கம் ரோட்டில் என் கல்லூரித் தோழி வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் தோட்டத்தில்தான் சமைப்பார். அவர் அடுப்புக்கு மேலே இப்படி ஒன்று தொங்குவதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

"அடுப்பே இன்னும் கட்டல. அதுக்குள்ள அதுக்குக் கம்மல் வாங்கினு வந்துட்டா பாரு," என்றார் அப்பா.

அடுப்பு கட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் அம்மா. புதிதாக மாவட்டம் பிரித்தபோது அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை மாறியது. ஊருக்குள் வாடகைக்கு இருந்த நாங்கள் வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினோம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் மலை முழுசாகத் தெரியும், கொல்லையில் நின்றால் உச்சியாவது தெரியும். ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கார்த்திகை தீபத்தன்று வீட்டில் எல்லோரும் காலையிலிருந்து விரதம். சாயங்காலம் மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவோம், அப்புறம்தான் சாப்பாடு. சொந்தக்காரர்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து நேராக இலையில் உட்காருவார்கள். உட்காரும்போது வடை சுடச்சுட இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அரோகரா" சத்தம் கேட்டு ஜல்லிக்கரண்டியோடு ஓடி வருவதற்குள் தீபம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும்.

"இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததிலேர்ந்து அத ஏத்தும்போது ஒரு தடவகூடப் பாத்ததில்ல," என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது போதுமானதாக இருந்தது.

"முன்னாடியே சுட்டு வெச்சிடேன்மா."

"ஆறிப்போன வடையா? பட்டினி கெடந்தவங்களுக்கா? நல்லாருக்குடி ஞாயம்."

ஆக, வடையையும் விடாமல் மலையையும் விடாமல் இருக்க ஒரே வழி, அடுப்பை வெளியே கொண்டுவருவது. கொல்லையில் நாலு கம்பம், மேலே தகரம், கீழே இரட்டை அடுப்பு. கொத்தனார் வந்து எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று கேட்டார். "சமைக்கறவங்களுக்கு நேரா மலை தெரியணும்," என்றேன். அவரும் மறுபேச்சு பேசவில்லை. இந்த ஊரில் யாரும் பேசமாட்டார்கள். கட்டிலைப் போட்டாலும் சரி, கடை வைத்தாலும் சரி, மலை தெரிகிறதா என்று முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தேரடி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினேன். மடக்கு மேசை, கம்பிக் கூடை, கலர் கைப்பிடி போட்ட இடுக்கி, தோட்டத்தில் நடும் பெரிய குடை. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் அது இல்லாமல் சமைக்கவே முடியாது என்றுதான் தோன்றியது.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தோம். போளூரிலிருந்து அம்மாவின் தங்கை, என் சித்தி, வந்திருந்தாள். அம்மா மலையைப் பார்த்து நின்றாள். வாடைக்காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து வந்து நேராக அடுப்பு வாய்க்குள் புகுந்தது. தீ பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போனது. சாம்பல் எழும்பிச் சாம்பாரில் இறங்கியது. கொக்கியில் தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கோயில் மணி அடித்தன. மடக்கு மேசை மடங்கியது. குடை பக்கத்து மனைக்குப் போய்விட்டது.

"இன்னாடி இது, சமையலா சூறாவளியா?" சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிசிக்ஸ் படிக்கறவ போட்ட அடுப்புன்னு போளூர் பூரா சொல்றேன் இரு."

அம்மா நிமிடத்துக்கு ஒருதரம் குனிந்து விறகை இழுத்தாள், திரும்பத் தள்ளினாள். அவள் மலைப் பக்கம் தலை தூக்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்று பட்டது. மலை நேரெதிரே இருந்து என்ன, குனிந்துகொண்டே இருந்தால் அதற்கும் சுவருக்கும் என்ன வித்தியாசம்?

"அடுப்பத் திருப்பிக் கட்டிடலாம்," என்றார் அப்பா.

"அப்ப மலை முதுகுப் பக்கம் போயிடும்பா."

"பின்ன காத்தையா திருப்புவ?"

அன்றே எல்லாப் பொருட்களையும் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: நீ இருந்தால் அம்மா குனியாமல் சமைக்க முடியுமா? மேசை, கூடை, குடை மூன்றும் தோற்றன. கடைக்காரரிடம் மல்லுக்கட்டி அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீளக் காம்பு ஜல்லிக்கரண்டி ஒன்றும், மாவுப் பாத்திரம் இடுப்பு உயரத்தில் நிற்க ஒரு ஸ்டாண்டும், தூறலுக்குச் சட்டியை மூட அகலமான தட்டும் வாங்கினேன். மூன்றும் தேறின. காற்று மட்டும் பாக்கி. சித்தி யோசனைப்படி அம்மாவுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். அது உப்பி வந்து அம்மா பின்மண்டையில் அறைந்தது. "இவ பேச்சக் கேட்டா இப்பிடித்தான்," என்று அம்மா அவிழ்த்துப் போட்டாள்.

யோசித்துப் பார்த்தால் காற்றை முழுசாகத் தடுக்க வேண்டியதே இல்லை. தீக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விட்டால் போதும். வேலூர் ரோட்டில் வெல்டிங் பட்டறைக்குச் சைக்கிளை விட்டேன். அடுப்பு வாய்க்கு அளவாக ஒரு தகடு, அது இரண்டு பக்கமும் காடி வெட்டிய சட்டத்தில் ஏறி இறங்க வேண்டும், நின்றபடியே பிடிக்க நீளமாக ஒரு கைப்பிடி என்று சாக்பீசால் தரையில் வரைந்து காட்டினேன்.

"இன்னாமா, அடுப்புக்கு ஷட்டரா?" என்றார் பட்டறைக்காரர்.

"ஆமாங்க, ஷட்டர்தான். ராத்திரி கடைய சாத்திடுவோம்."

சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். விறகு நுழைய அடியில் ஒரு வெட்டு விடச் சொன்னதும் நான்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

தீபத்தன்று மத்தியானம் வரை தூறல். விறகை நான் உள்ளேயே காய வைத்திருந்தேன். பொழுது சாய மேகம் விலகி மலை தெரிந்தது. காற்று மட்டும் விடவில்லை. வீடு நிறையச் சொந்தம். என்னையும் அம்மாவையும் தவிர எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

"யக்கா, மேல வாக்கா!" மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சித்தி கத்தினாள்.

"எண்ணெ காயுதுடி. நான் இங்கியே பாத்துக்கறேன்."

"தோ பார்றா, இந்த வருஷமும் வடை தரிசனந்தான்!"

அம்மா வடையைத் தட்டிப் போட்டாள். மாடியில் பேச்சு அடங்கியது. ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் நேரம் அது. சரியாக அப்போது பெருங்காற்று ஒன்று வந்தது. தீ சட்டியின் விளிம்பு வரை ஏறியது, எண்ணெய் பொங்கியது. அம்மா பழக்கத்தில் சட்டென்று விறகை இழுக்கக் குனிந்தாள்.

"குனியாதம்மா! ஷட்டரு!"

நானே கைப்பிடியை அழுத்தினேன். தகடு கடகடவென்று இறங்கியது, தீ சுருண்டு உள்ளே படுத்தது. ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். உச்சியில் இருட்டுதான் இருந்தது. பிறகு அங்கே ஒரு பொட்டு.

மாடியில் "அரோகரா" வெடித்தது. அம்மா ஜல்லிக்கரண்டியைப் பிடித்த கையையும் வெறுங்கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி நின்றாள். பொட்டு ஆடியது, அணைந்துவிடுமோ என்பதுபோல மங்கியது, அப்புறம் திடீரென்று நிமிர்ந்து உயர்ந்தது.

"இவ்ளோ சின்னதாவா ஆரம்பிக்குது?" என்றாள். "நான் எப்பவும் பெருசா எரியறப்பதான் பாத்திருக்கேன்."

"போதுமாம்மா?"

"வடை கருகுதுடி, எடு எடு!"

அன்று இலையில் விழுந்த முதல் ஈடு வடை நல்ல கறுப்பு. சித்தி ஒன்றைக் கடித்துவிட்டு, "அக்கா, மலை தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"உனக்கு முன்னாடி பாத்துட்டேன். நீ வாயாடிட்டு இருந்த," என்றாள் அம்மா, அடுத்த ஈட்டைப் போட்டுக்கொண்டே. அடுப்பைப் பார்க்காமலே அவள் கை ஷட்டரை ஒரு விரற்கடை தூக்கிவிட்டது.

போளூருக்குப் பஸ் ஏறும்போது சித்தி தகட்டின் அளவை நூலில் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கொக்கி வரிசை இப்போது குளியலறையில் இருக்கிறது. துண்டு தொங்கவிட அதைப்போல வசதி வேறில்லை.