பக்கெட்டின் அடியில் கிடந்த அயிரை

கிருத்திகைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகிற ரயில் திருவாலங்காட்டைத் தாண்டியபோது அக்காவின் போன் வந்தது. "பாவா எழுந்துக்கலடா" என்றாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் ரயில் பிடித்தேன். திருத்தணி வந்து சேர்வதற்குள் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள்.

தனசேகர் பாவா என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி மெக்கானிக். நாற்பதுகூட ஆகவில்லை. அவரோடு ஏரியில் மீன் பிடிக்க இறங்கிய கூட்டாளிகளான உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் கடைசியாகப் பிடித்த அயிரை மீன்கள் என்ன ஆயின என்பது உங்களுக்குத் தெரியாது.

அயிரை விரல் நீளம்கூட இருக்காது; தரையில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மதகுக்குக் கீழே கால்வாயின் குறுக்கே பாவா துணியை விரித்துப் பிடிப்பார். நாம் மேலிருந்து காலால் மண்ணைக் கிளறியபடி இறங்கி வரவேண்டும். நான் ஓடித்தான் வருவேன். "மச்சான், டிரெயின் புடிக்கவா வர்ற? எல்லாம் உங் காலுக்கடியில பூந்துகினு குந்தினுக்குது பாரு" என்று கத்துவார். தறியில் பழுதான லுங்கித் துணியில் தண்ணீர் சீக்கிரம் வடியவில்லை என்று ஒருமுறை கொசுவலை வாங்கிப் போனேன். தூக்கிப் பார்த்தார். "ஆங், நல்லாக்கீது. படிச்சதுக்கு இது ஒண்ணாவது உருப்படியா பண்ண." அதன்பிறகு லுங்கித் துணியை அவர் தொடவே இல்லை. இவ்வளவு சுலபமாகத் தன் வழியை விட்டுக்கொடுத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

கிருத்திகையன்று மதகை அடைத்துவிட்டார்கள். கால்வாய் வற்றுவதற்குள் பிடித்தால்தான் உண்டு என்று பாவா போய்ப் பக்கெட்டோடு வந்தார். அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

"கிருத்திகை அன்னிக்கி மீன எடுத்துகினு வந்து நிக்கிறீங்களே, முருகன் கண்ணக் குத்த மாட்டாரு?"

"புடிக்கத்தானே செஞ்சேன். கொஞ்சூண்டு கொழம்பு வெய்யி, வாசன மட்டும் பாத்துக்கறேன்."

"நாளைக்கி வெக்கிறேன், போங்க."

அயிரையை உயிரோடு தண்ணீரில் விட்டுவைத்தால்தான் தின்ற மண்ணைக் கக்கும். பக்கெட்டைப் பின்கட்டில் வைத்தார்.

அடக்கம் முடிந்து வந்தபோதும் அவை அடியில் உயிரோடு கிடந்தன. அக்கா யாரையும் தொடவிடவில்லை. தினமும் தண்ணீர் மாற்றினாள்.

"வாய்விட்டுக் கேட்டாருடா."

"கொழம்பு வெச்சிருந்தாலும் அட்டாக் வந்திருக்கும்கா" என்றேன்.

"வந்திருக்கும். சாப்ட்டதுக்கப்புறம் வந்திருக்கும்."

காரியத்துக்கு மறுநாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்போம். "ஆட்டுக்கறி போதும், அத்தக் கொண்டுபோய் ஏரில வுட்டுடு" என்றாள் பெரியம்மா. "அவுருக்கு வெக்கிறேன்னு சொன்னது அது" என்றாள் அக்கா. உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அவளே குழம்பு வைத்தாள். படத்துக்கு முன் படைத்தபிறகு எனக்குப் போட்டாள்.

"மண்ணு கீதா?"

ஒரு நாள் மட்டும் விட்டுச் சமைத்தால் கொஞ்சம் நறநறக்கத்தான் செய்யும். பாவா அதையும் மென்று விழுங்குவார். இத்தனை நாள் தண்ணீரில் கிடந்த மீனில் ஒரு துளி மண் இல்லை.

"இல்லக்கா."

"அவுருக்கு ஒருநாளும் இப்பிடி வெச்சிக் குடுக்கல" என்றாள். தன் தட்டில் அவள் ஒரு மீன்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

வலையை நான் எடுத்துவந்துவிட்டேன். நான் வாங்கியதுதான், ஆனாலும் அது அவருடையது. இனிச் செய்யப்போவது:

1. அக்கா அந்தக் கிருத்திகையைப் பற்றிப் பேசும்போது பதில் சொல்லாமல் கேட்பேன்.
2. மதகு திறந்ததும் அவளையும் ஏரிக்குக் கூப்பிடுவேன். வராவிட்டால் தனியாகப் போவேன்.
3. கிடைத்த மீனை அன்றைக்கே குழம்பு வைக்கச் சொல்வேன். மண் இருந்தால் இருக்கட்டும்.