மங்கலான நட்சத்திரமும் அக்காவின் எக்ஸ்ரே படமும்

என் மகள் வெளிநாட்டில் எக்ஸ்ரே ஆராய்ச்சி செய்கிறாள் என்று எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பேச்சு. பாதி உண்மைதான். அவள் பார்ப்பது நட்சத்திரத்திலிருந்து வருகிற எக்ஸ்ரே. அதை நாலு பேரிடம் விளக்க எனக்கு வாய் வராது. அவள் லீவில் வந்தால், யாராவது நெஞ்சுப் படத்தோடு வாசலில் நிற்பார்கள்.

இந்த முறை பக்கத்து வீட்டு அக்கா. அவரும் நானும் ஒன்றாகப் பால்மரம் வெட்டியவர்கள். இருமல் விடவில்லை. மந்தின் டவுன் கிளினிக்கில் படம் எடுத்துவிட்டு, மங்கலாக ஏதோ தெரிகிறது, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அக்கா போகவில்லை. நாள் முழுக்க உட்கார இடுப்பு தாங்காது என்றார். பயம்தான். எனக்கும் அவரை இழுத்துப் போகத் தெம்பில்லை.

"நீயே பார்த்துச் சொல்லிடுலா பாப்பா. ஒண்ணுமில்லன்னா நான் எதுக்குப் போவணும்?"

மகள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள்.

"எனக்கு இது தெரியாது பெரியம்மா. நான் பார்க்குறது செத்த நட்சத்திரத்தோட கரு. நியூட்ரான் நட்சத்திரம்னு பேரு. பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சிச் சூடாகும். உறிஞ்சுறது நின்னாலும் சூடு இருக்கணும். நீங்க மழையில நனைஞ்சா, ரப்பர் ஷீட்டு காய வைக்கிற புகைவீட்டுச் சுவத்துல முதுகைச் சாய்ப்பீங்களாமே, அம்மா சொல்வாங்க."

"ஆமா, நெருப்பு அவிஞ்சும் சுடும். ரப்பர் ஷீட்டு நாத்தம் சேலையை விட்டுப் போவாது."

"அந்த மாதிரி. ஆனா உருண்டையா நெருங்கிக் கிடக்குற நட்சத்திரக் கூட்டத்துல இப்படிச் செத்த நட்சத்திரம் சிலது இருக்கு. அதுல எக்ஸ்ரே ரொம்ப ரொம்ப மங்கல். அவ்வளவு கம்மியா இருக்கக் கூடாது."

"ஏனாம்?"

"தெரியல."

"இத்தனை வருசம் படிச்சுமா? உங்கம்மா முட்டிக்கால் தேயத் தேய மரம் வெட்டிப் படிக்க வச்சாளே!"

மகள் சிரித்தாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்ப என்னதான் பண்ணுவ?" அக்கா விடவில்லை.

"மங்கலா இருக்குன்னு விட்டுட முடியாது பெரியம்மா. பெரிய கருவியில, இன்னும் அதிக நேரம், மறுபடி பார்ப்போம்."

அக்கா படத்தை வாங்கி உறைக்குள் போட்டார். உறையின் வாயை மடித்து மடித்துப் பிரித்தார்.

"நீ ஓட்டிட்டு வந்த காடியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியா?" என்றார் கடைசியில். "உங்கம்மாவும் வரணும்."

மறுநாள் போனோம். ஆஸ்பத்திரி நாற்காலியில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குக் கை மரத்துப் போயிற்று. பெயரைக் கூப்பிடும்வரை அசைக்கவில்லை.