ஈரம் காயாத கித்தார்

என் மனைவியின் அண்ணனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அவர் தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயில் பாடகர் குழுவுக்குக் கித்தார் வாசிப்பார். நான் ஏற்காட்டில் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் தச்சன். தங்கையை இப்படி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டோமே என்ற கசப்பை அவர் எங்கள் கல்யாணப் பந்தியிலேயே காட்டினார். மரியாதை மட்டும் ஒருநாளும் குறையாது. எங்கள் பக்கத்தில் ‘ங்க’ போட்டே ஒருவனைக் கொன்றுவிடலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து உடைந்த கித்தார் பழுதுபார்க்க வந்தது. முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மெல்லிய சட்டங்களும் கொஞ்சம் பசையும்தான். நானே ஒன்று செய்யப் போகிறேன் என்று அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க மாப்ள, கதவுக்குத் தாழ்ப்பா போடற கையிங்க அது. கித்தாருக்குக் காது வேணுமுங்க” என்றார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

“கிறிஸ்துமஸுக்கு உங்க கையில கொண்டாந்து குடுக்கறனுங்க மச்சான்” என்றேன்.

அந்த வாயால்தான் கெட்டேன். எஸ்டேட்டில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரம் ஒன்றை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். அறுத்த பலகையில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. காய விட நேரமில்லை. அப்படியே இழைத்து, வளைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். கிறிஸ்துமஸ் பூசையில் மச்சான் அதை மடியில் வைத்து வாசித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் கம்பிகளைத் தாங்கும் கட்டை, பட்டாசு வெடித்த மாதிரி பிய்த்துக்கொண்டு எழுந்தது. கம்பி தெறித்து அவர் தாடையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

“வேணும்னே பண்ணிப்போட்டீங்க” என்றார் கோயில் வாசலில், எல்லோருக்கும் கேட்கும்படி.

பொங்கல் வருவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். கழுத்தில் பித்தளைக் கட்டுகள் பதிக்கும் இடைவெளியை அந்தப் பள்ளிக்கூடக் கித்தாரிலிருந்து நூல் பிடித்து எடுத்து வைத்திருந்தேன். என் கித்தாருக்குக் கழுத்து அதைவிடக் குட்டை. அதற்குத் தக்கபடி இடைவெளியும் குறைய வேண்டும் என்று யோசிக்க எனக்குப் பொறுமையில்லை. மச்சான் குழுவில் பாடும் இருவரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, ஒவ்வொரு கட்டாக விரல் வைத்து மீட்டிக் காட்டினார். மேலே போகப் போகச் சுரம் விலகியது. மூவரும் சிரித்தார்கள்.

மூன்றாவதில் கட்டுகள் சரியாக விழுந்தன. ஆனால் மலைக்குளிரில் வஜ்ஜிரம் பூசின கையை எடுப்பதற்குள் உறைந்துவிடும். மரத்தைச் சூடுபண்ணாமல் ஒட்டி, கட்டிய கயிற்றையும் மறுநாளே அவிழ்த்துவிட்டேன். ஆனி மழையில் முதுகுப் பலகை வாயைப் பிளந்தது. முற்றத்தில் போட்டு வாச்சியால் கொத்தினேன். சில்லுகள் சமையல்கட்டு வரை பறந்தன.

மனைவி வெளியே வந்து பார்த்தாள். பட்டறையில் நான் அறுத்து வைத்திருந்த புதுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய், அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினாள். அவற்றின் மேல் விறகை ஏற்றினாள்.

“எறக்கு” என்றேன்.

“எறக்க மாட்டனுங்க. அண்ணன் வாயை மூடறதுக்கு நீங்க செய்யறீங்க. உங்களை அழ வைக்கறதுக்கு அண்ணன் வருது. ரெண்டு பேருக்கும் நடுவுல என் ஊடு நாறுது. நானா எறக்கற வரைக்கும் தொடப்படாது.”

கத்திப் பார்த்தேன். சாப்பிடாமல் கிடந்தேன். அவள் அசையவில்லை. நான் பரணுக்கு ஏணி வைத்த அன்று, எங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் இருந்த தன் சித்தி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். நானேதான் போய்க் கூப்பிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பரணை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இரண்டு மழைக்காலம் போயிற்று. வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை. கதவு செய்தேன், கட்டில் செய்தேன், மனதுக்குள் இருவரையும் திட்டினேன்.

ஒருநாள் அவளே விறகை இறக்கிவிட்டு, “எடுத்துக்கங்க” என்றாள். புகையில் பலகைகள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. விரல் மடக்கித் தட்டினேன். உள்ளே எங்கோ போய்த் திரும்பி வருகிற மாதிரி கணீரென்றது. ஈர மரத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அவ்வளவு கோபத்திலும் அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

நான்காவது கித்தாரை யாருக்கும் நாள் குறிக்காமல் செய்தேன். கழுத்தை அளந்து கட்டுகளைப் புதிதாகக் கணக்கிட்டேன். ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் மரத்தைக் கங்கில் காட்டினேன். மழை பிடித்தால் வேலையை மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். கை அரிக்கும். அடக்கிக்கொள்வேன்.

பட்டறையில் அது தொங்குவதை மச்சான் பார்த்துவிட்டார். இறக்கி, ஒரு முழுப் பாட்டை வாசித்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை.

“ஈஸ்டருக்கு எடுத்துக்கறனுங்க மாப்ள.”

“வார்னிஷ் இன்னும் காயலீங்க.”

“நொம்ப நல்லாத்தானுங்க இருக்குது. போதுமுங்க.”

“காயட்டுமுங்க.”

பழைய ஆளாக இருந்திருந்தால் அந்த நிமிடமே அவர் கையில் திணித்து, ஊர் முன்னால் ஜெயித்திருப்பேன். அவர் கித்தாரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சேலத்துக்குப் போய்க் கடையில் ஒன்று வாங்கிவந்து ஈஸ்டருக்கு வாசித்தார். என்னுடையது மழைக்கு முன் காய்ந்தது. கிளியூரிலிருந்து வந்த ஒரு வாத்தியாரம்மா அதை எடுத்துப் போனார். மச்சான் அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.