மனைவி புலம்பலும் பொழிப்பு மோனையும்

எங்கள் உரும்பிராயில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அச்சடிப்போம். கல்வெட்டு என்று பெயர். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வீடு முழுவதும் செய்யுளில் அழும். அத்தனை அழுகையையும் எழுதித் தருபவர் ஊர்ப் புலவர் ஒருவரே. மாமனாரை நேரில் பார்த்திராத மருமகனும் எதுகையோடு கதறுவான்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இறந்தபோது, தன் புலம்பலைத் தானே எழுதுவதாக அக்கா பிடிவாதமாக நின்றார். எழுதியது நான்கு வரி:

காலையில் தேத்தண்ணி
இரண்டு கோப்பை ஊற்றினேன்.
ஒன்றை நான் குடித்தேன்.
மற்றதையும்.

நான் உயர்தர வகுப்பு மாணவருக்குத் தமிழ் படிப்பிக்கிறவன். தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள்.

"உதிலை எதுகையுமில்லை, மோனையுமில்லை. கடைசி வரியிலை வினையையும் காணேல்லை, மாஸ்ரர்" என்றார் புலவர்.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "ரெண்டு வரி ஒரே ஓசையிலை முடியுது, ஐயா. மூண்டாவது தரமும் அது வருமெண்டு காது காத்திருக்குது. வரேல்லை. அந்த வராத சத்தம்தான் கவிதை."

"அப்ப நானும் எழுதாமலே விட்டிருக்கலாம்."

கனடாவிலிருந்த அக்காவின் மகன் கைபேசிக்குள் இருந்து குறுக்கிட்டார். "அம்மாவுக்குச் சீனி வருத்தம். ரெண்டு கோப்பை குடிச்சவ எண்டு அச்சடிச்சால் சனம் எங்களையெல்லோ கதைக்கும்?"

அதன்பின் அரை மணி நேரம் அக்காவின் நீரிழிவைப் பற்றித்தான் பேசினோம். ஒரு கோப்பையைக் குறைக்கலாமா என்றுகூட ஆராய்ந்தோம். நல்லூரில் எனக்கு வகுப்பு, நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், கோப்பை இரண்டும் இருக்கட்டும், இறுதி வரியை மட்டும் நிரப்புவோம் என்று புலவர் எழுதி நீட்டினார். "மோனை சரியோ?"

முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் மகரம். "ஓம், பொழிப்பு மோனை" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். அக்கா குசினியில் அடுப்போடு நின்றார். அவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வந்தது. அக்காவின் பக்கம் இப்படி முடிந்திருந்தது:

மற்றதையும் நானே மனமுவந்து குடித்தேன்.

அன்றைய பந்தியில் வெட்கத்தோடு பாதியில் இலையை மடித்தேன். அக்கா கல்வெட்டோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"அவரின்ரை கோப்பை ஆறிப்போய்க் கிடந்தது. கொட்ட ஏலாமல் குடிச்சனான். மனமுவந்தோ, தம்பி?"